குட்டி ஈன்ற முயலும் அதன் குட்டிகளும்

முயல் வளர்க்கத் தொடங்கிய குடியானவர்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. “ஐயா, முயல் எட்டுக் குட்டி போட்டது. போட்டதோடு சரி, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பசுவைப்போல் நக்கிக் கொடுக்கவில்லை. ஆட்டைப்போல் அருகில் நின்று பால் கொடுக்கவுமில்லை. இதுவும் ஒரு தாயா?” என்பதே அது. இவ்வாறு எண்ணிய சிலர் குட்டிகளை வெளியே எடுத்துத் துணியில் சுற்றி, பசும்பாலைப் பஞ்சில் நனைத்துப் புகட்டுகின்றனர். நான்கைந்து நாட்களில் பெட்டி வெறுமையாகி விடுகிறது. முயல் நம் ஊருக்கு ஏற்றதன்று என்ற முடிவுக்கும் அவர்கள் வந்துவிடுகின்றனர்.

தாயின்மேல் சுமத்தப்படும் இப்பழி ஆதாரமற்றது. வளர்ப்பு முயல்களின் முன்னோர் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் நிலப்பரப்பில் வளை தோண்டி வாழ்ந்த பிராணிகள். அங்கே தாய் முயல் தனியாக ஒரு சிறு வளையைத் தோண்டிக் குட்டிகளை ஈன்று, வாயிலை மண்ணால் அடைத்துவிட்டுப் போய்விடும். அருகில் இருந்தால் அதன் வாடையே நரிக்கும் கீரிக்கும் வழி காட்டிவிடும். ஆதலின் நாளுக்கு ஒருமுறை மட்டும், பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ வந்து, மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்குள் பாலூட்டி முடித்துவிடும். கூண்டில் வளரும் முயலிடமும் இக்குணம் மாறவில்லை. நாம் உறங்கும் நேரத்தில் அது தன் கடமையைச் செய்துவிடுகிறது. நாம் பார்ப்பதில்லை, அவ்வளவே.

அந்த ஐந்து நிமிடப் பால் ஒரு முழு நாளைக்குப் போதுமா என்ற ஐயம் எழலாம். பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு 4 பங்கு அளவில் இருக்கும். முயல் பாலிலோ 12 பங்கும் அதற்கு மேலும் உண்டு. புரதமும் பசும்பாலைவிட மிக அதிகம். சர்க்கரைச் சத்து மட்டும் குறைவு. எனவே பசும்பால் அக்குட்டிக்கு ஈடாகாது. பஞ்சில் புகட்டும் பால் மூச்சுக் குழலில் ஏறி உயிரையே போக்கிவிடுவதும் உண்டு.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் புன்செய்க் காடுகளில் ஓடும் காட்டு முயல் வேறு இனம். அதன் குட்டி உரோமத்துடன், கண் திறந்தே பிறக்கும். அதைப் பிடிப்பதும் கூண்டிலடைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். நாம் பேசுவது வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற வளர்ப்பு இனங்களைப் பற்றியே. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்தில் இவ்வினங்கள் வளர்க்கப்படுகின்றன. மலையின் குளிர் அவற்றுக்கு ஏற்றது. சமவெளியில் வளர்ப்போர் வெயிலை எண்ணிக் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்கள். இணை சேர்த்த தேதியைக் கூண்டின்மேல் எழுதிவைக்காதவர், குட்டிகள் கம்பி வலைமேல் விழுந்து விறைத்துக் கிடக்கக் கண்டபிறகே விழித்துக்கொள்கின்றனர். 28ஆம் நாளில் குட்டி ஈனும் பெட்டியைக் கூண்டினுள் வைக்க வேண்டும். அதற்கு முன்னரே வைத்தால் முயல் அதனுள் சிறுநீர் கழித்து அசுத்தமாக்கிவிடும். 20 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள சாதாரண மரப்பெட்டி போதும். தாய் ஏறி இறங்குவதற்கு ஒரு பக்கப் பலகையின் உயரத்தை ஆறு அங்குலமாகக் குறைத்து, ஈரம் வடிய அடியில் சில துளைகள் இட வேண்டும். உள்ளே நறுக்கிய உலர்ந்த புல்லைப் பரப்பலாம். பழந்துணி, நூல், சாக்குப்பிரி ஆகியவை கூடா. அவை குட்டிகளின் காலிலும் கழுத்திலும் சுற்றி இறுகும்.

ஈனுவதற்குச் சற்று முன் தாய் தன் வயிற்று உரோமத்தைத் தானே பிடுங்கிப் புல்லின்மேல் மெத்தை அமைக்கும். முதன்முறை ஈனும் முயல் சில வேளைகளில் இதைச் செய்யத் தவறும். அப்பொழுது அதன் வயிற்று உரோமம் இளகியிருக்கும். மெதுவாக இழுத்தாலே வந்துவிடும். அதை எடுத்துக் குட்டிகளை மூடலாம். வேறு முயல்களின் பெட்டிகளில் மிஞ்சும் சுத்தமான உரோமத்தை ஒரு பையில் சேர்த்துவைப்பது கெட்டிக்கார வளர்ப்போரின் வழக்கம்.

ஈன்ற காலையில் முதற்காரியம் தாய்க்குத் தண்ணீர் வைப்பது. அது விரும்பும் பசுந்தழையையும் வைத்து, அது தின்னும் நேரத்தில் கையைக் கழுவி, தாயின் முதுகை ஒருமுறை தடவிவிட்டுப் பெட்டியைப் பார்க்க வேண்டும். மனிதர் தொட்டால் தாய் குட்டிகளை ஒதுக்கிவிடும் என்ற அச்சம் பழகிய முயலிடம் வேண்டுவதில்லை. செத்த குட்டியையும் நஞ்சுக்கொடித் துண்டுகளையும் அகற்றி, எண்ணிக்கையைக் குறித்துவிட்டு மூடிவிடலாம். இச்சோதனை நாளுக்கு ஒருமுறை போதும். ஒருமுறைகூடப் பார்க்காதிருப்பதும் தவறு. பத்துமுறை பார்ப்பதும் தவறு.

பிறந்த குட்டி சுமார் 50 கிராம் எடையுடன், உரோமமின்றி, கண்ணும் காதும் மூடியிருக்கும். அது தாயின் காம்பை வாசனையைக் கொண்டே தேடிப் பிடிக்கிறது. பாலிலிருந்து வெளிப்படும் ஒரு தனிப்பொருளின் மணமே அதற்கு வழிகாட்டி என்பதைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர் 2003இல் வெளியிட்டனர். ஆதலின் குட்டிகள் உள்ளபோது பெட்டியருகே பினாயில் முதலிய கடும் நெடியுடைய பொருள்களைத் தெளிக்கலாகாது.

பால் குடித்ததா என்பதைக் குட்டியின் வயிறே சொல்லும். குடித்த குட்டியின் வயிறு உருண்டு திரண்டிருக்கும். மெல்லிய தோலின் வழியே பாலின் வெண்மை தெரியும். குட்டிகள் அசையாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். குடிக்காத குட்டியின் தோல் சுருங்கியிருக்கும். பெட்டியைத் திறந்தவுடன் துள்ளிக் கத்தும். எல்லாக் குட்டிகளின் வயிறும் ஒட்டியிருந்தால் காலையில் தாயைப் பெட்டியினுள் வைத்து, அமைதியாகச் சில நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நாட்களில் பெரும்பாலானவை தாமே பழகிவிடுகின்றன. முயலுக்குச் சாதாரணமாக எட்டுக் காம்புகளே உண்டு. பத்துக் குட்டி பிறந்தால் இரண்டை, அதே நாட்களில் ஈன்ற மற்றொரு தாயிடம் விடலாம். இரு முயல்களை ஒரே நாளில் இணை சேர்ப்பதன் பயன் இதுதான்.

பால் குடிக்கும் குட்டி காம்பைப் பற்றியபடியே வெளியில் இழுபட்டு விழுவதுண்டு. பூனையைப்போல் குட்டியை வாயில் கவ்விக் கொண்டுசேர்க்கும் பழக்கம் முயலுக்கு இல்லை. நாம்தான் எடுத்துவிட வேண்டும். விறைத்த குட்டியைச் செத்ததென எறிந்துவிடாமல், உள்ளங்கையிலோ துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியருகிலோ வைத்துச் சூடேற்றினால் பிழைப்பதுண்டு. உடல் சூடேறுமுன் பால் புகட்டக்கூடாது. சித்திரை வைகாசியில் நிலைமை நேர்மாறு. குட்டிகள் சிவந்து, விலகி விலகிக் கிடந்தால் உரோமத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட வேண்டும்.

தாய் குட்டியைத் தின்றுவிட்டது என்ற செய்தியும் வரும். பெரும்பாலும் அது தின்றது ஏற்கெனவே செத்த குட்டியாயிருக்கும். தாகம், அச்சம், புரதக் குறைவு ஆகியவையும் காரணமாகலாம். பாலூட்டும் முயல் நாளொன்றுக்கு ஒரு லிட்டரும் அதற்கு மேலும் நீர் குடிக்கும். இரவில் காலியாகும் கலயம் காலைவரை காலியாகவே இருப்பது எத்தனை பெரிய குறை! அடர் தீவனத்தை ஈன்றவுடனே மிகுத்துவிடாமல், ஒரு வாரத்தில் படிப்படியாக 200 முதல் 250 கிராம் வரை உயர்த்தலாம். வேலிமசால், அகத்தி, முருங்கைத் தழை ஆகியவை புரதம் மிகுந்தவை. பால் சுரப்பு மூன்றாம் வாரத்தில் உச்சமடையும். தீவனத்தைக் குறைக்கும் காலம் அதுவன்று.

அச்சமுற்ற தாய் பெட்டிக்குள் பாய்ந்து குட்டிகளை மிதித்துவிடும். நாய், பூனை, தீபாவளி வெடி, திருவிழா ஒலிபெருக்கி ஆகியவற்றிலிருந்து கொட்டகை விலகியிருத்தல் நலம். பொதுக் கொட்டகைக்கு இடம் குறிக்கும் பஞ்சாயத்து உறுப்பினர் இதை நினைவிற் கொள்வாராக. குட்டி பார்க்க ஓடிவரும் அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் பத்து நாள் நிறுத்திவைக்க வேண்டும். இது எளிய காரியமன்று என்பதை நாமறிவோம். எறும்பு ஏறாதபடி கூண்டின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தி, கொசு பெருகாமல் அந்நீரை அடிக்கடி மாற்ற வேண்டும்.

தாயின் காம்பைச் சுற்றிச் சூடும் கடினமும் நீலநிறமும் தோன்றினால் அது மடிநோய். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாட்டுக்கு வாங்கிய மாத்திரையைக் கொடுத்துவிடலாகாது. பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் முயலின் குடல் கெட்டு அது இறந்துவிடும். நோயுற்ற தாயின் குட்டிகளை வேறு தாயிடம் விடுவதும் ஆபத்து. நோய் அதற்கும் தொற்றும்.

பத்து முதல் பன்னிரண்டு நாட்களில் கண் திறக்கும். ஒட்டிக்கொண்டிருந்தால் காய்ச்சி ஆறிய நீரில் பஞ்சை நனைத்துத் துடைக்கலாம். மூன்று வாரத்தில் குட்டிகள் வெளிவந்து தழை கொறிக்கும்; அதன்பின் பெட்டியை எடுத்துவிடலாம். ஐந்து வாரமளவில் பிரிக்கும்போது குட்டிகளை அதே கூண்டில் விட்டுத் தாயை மாற்றினால் அவை கலங்குவதில்லை. ஈன்ற மறுநாளே முயல் சினை பிடிக்கக்கூடும். ஆண் முயலை உடன் விட்டுவைப்பவர் தாயையும் குட்டிகளையும் ஒருசேர நலிவிப்பவராவார். குட்டிகளைப் பிரித்தபின் தாய் உடல் தேறியதைப் பார்த்தே மறுபடி இணை சேர்க்க வேண்டும். எடுத்த பெட்டியைச் சுரண்டிக் கழுவி, மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, அடுத்த 28ஆம் நாளுக்கென எடுத்துவைக்கலாம்.