மேடு ஏறும் லோரி

ஜொகூரின் பாசீர் கூடாங்கில் உள்ள துறைமுகம் 1977ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. செம்பனை எண்ணெயையும் கொள்கலன்களையும் இழுத்துக்கொண்டு லோரிகள் அங்கு நாள்தோறும் செல்கின்றன. சுமையுடன் மேடு ஏறும்போது டீசல் இயந்திரம் அதிக எரிபொருளை எரிப்பதால் வெப்பம் பெருகுகிறது. வேகம் குறைவதால் ரேடியேட்டரில் படும் காற்றோ குறைகிறது. எனவே, அனுபவமிக்க ஓட்டுநர் முன்கூட்டியே கீழ் கியருக்கு மாறுவார். அப்போது இயந்திரம் விரைவாகச் சுழன்று, நீர்ப் பம்பையும் விசிறியையும் வேகமாக இயக்கும்.

வெப்பமானி முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால், லோரியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக்கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் நீர் 100 பாகை செல்சியசைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அது ஆவியாகச் சீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும் என்பது இங்கு உயிர்காக்கும் பாடமாகும்.