மின்வாயும் அணுக்கழிவும்

புறப்பரப்புக் கவர்ச்சி என்பதனை மாணவர் பலர் உறிஞ்சுதல் என்றே மயங்கி எழுதுகின்றனர். பஞ்சு நீரை உட்கொள்வது உறிஞ்சுதல். கரித்துண்டு வாயுவையும் சாயத்தையும் தன் பரப்பின்மீது பற்றி நிறுத்துவது கவர்ச்சி. இவ்வேறுபாடு பரீக்ஷைக்கு மாத்திரம் உரியதெனக் கருதற்க.

அமெரிக்க நாட்டின் வாஷிங்டன் மாகாணத்தில், கொலம்பியா நதிக்கரையிலுள்ள ஹான்போர்டு என்னுமிடத்தில், அணுகுண்டிற்குரிய புளூட்டோனியத்தை ஆக்கும் வேலை 1943ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அவ்வேலையின் கழிவுநீர் 177 நிலத்தடித் தொட்டிகளில் நிரப்பப்பட்டது. அவற்றுள் 149 ஒற்றைச் சுவருடையன. பல கசிந்தும் போயின. அக்கழிவிலுள்ள கொடிய பொருள்களுள் ஒன்று ஸீஸியம்-137. அதன் அரைவாழ்வு ஏறக்குறைய 30 ஆண்டு. அதனைப் பிரித்தெடுத்தல் எளிதன்று. ஏனெனில் ஒரு ஸீஸிய அயனியைச் சூழ்ந்து பல்லாயிரம் ஸோடிய அயனிகள் கிடக்கின்றன. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை.

அயனிகளை மாற்றிக்கொள்ளும் பிசின்மணிகளின் வழியே நீரைச் செலுத்தினால் ஸீஸியம் அவற்றிற் சிக்கும். ஆயின் மணிகளை மீண்டும் பயன்படுத்த வேண்டின் அமிலத்தாற் கழுவுதல் வேண்டும். கழுவிய அமிலமும் கழிவாகும். ஒரு கழிவை நீக்க மற்றொன்றைப் பெறுவதாயிற்று!

இவ்விடர் நீங்க 1990-களில் அந்நாட்டு ஆராய்ச்சியாளர் மின்சாரத்தின் துணையை நாடினர். சித்திரக்காரர் கையாளும் பிரஷிய நீலத்திற்கு இனமான நிக்கல் சேர்மம் ஒன்றை மின்வாயின்மேல் மெல்லிய படலமாகப் படியச் செய்தனர். அப்படலத்தின் கட்டமைப்பிலுள்ள நுண்ணிய அறைகள் ஸீஸிய அயனிக்கு மிகவும் இசைந்தவை. (1987ஆம் ஆண்டு பிரேஸில் தேசத்துக் கோயானியாவில் ஸீஸியம் உடலிற் புகுந்தவர்க்குப் பிரஷிய நீலமே மருந்தாகக் கொடுக்கப்பட்டது.) மின்வாயை எதிர்மின்வாயாக்கினால் படலத்திலுள்ள இரும்பு ஓர் எலெக்ட்ரானைப் பெறுகின்றது, மின்னூட்டம் சமமாதற்பொருட்டு ஸீஸிய அயனி உட்புகுகின்றது. மின்னழுத்தத்தைத் திருப்பினால் இரும்பு எலெக்ட்ரானை இழக்க, ஸீஸியம் வெளியே தள்ளப்படுகின்றது. கழுவுதற்கு அமிலம் வேண்டுவதில்லை. நுண்ணறைகளுள் அயனி புகுதலால் இதனைக் கவர்ச்சி என்பதினும் அயனிமாற்றம் என்பதே பொருந்துமென நாம் எண்ணுகின்றோம். நூல்களில் இரண்டு பெயரும் வழங்குகின்றன.

முறை அழகியதே, எனினும் ஹான்போர்டுக் கழிவு மிகுந்த காரத்தன்மை உடையது. இவ்வினத்து நீலப் படலங்களோ கடுங்காரத்திற் சிதைவன. ஆய்வுசாலைக் குவளையில் வென்றதொன்று தொட்டியருகே சென்றவுடன் இடர்ப்படுதல் இரசாயனப் பொறியியலாருக்குப் புதிதன்று.

2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் அங்குத் தொட்டியருகே இயங்கத் தொடங்கிய கருவியில் மின்வாய் இல்லை. ஸிலிகானும் டைட்டேனியமும் கலந்த படிகமணிகள் ஸீஸியத்தைப் பற்றுகின்றன. அவற்றைக் கழுவி மீட்பதில்லை. நிறைந்த கலங்களை அவ்வாறே எடுத்துத் தளத்தின்மேல் நிறுத்தி வைக்கின்றனர். அவற்றுட்பட்ட ஸீஸியம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைதற்குப் பத்து அரைவாழ்வு, அஃதாவது 300 ஆண்டு, செல்லும்.