பழக்கப்பட்ட வேட்டை நாய் எது?



ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில் நாம் நடத்திவரும் ஃபிக்ஹுப் பாடத்தில், பட்டு நெசவுத் தொழில் செய்யும் சகோதரர் ஒருவர் ஒரு வினா விடுத்தார். தறியையும் பட்டு நூலையும் சரிகையையும் இரவில் காப்பதற்காக இராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்று வாங்க அவர் எண்ணியிருக்கிறார். உறவினர்களோ, "அவ்வளவு பெரிய நாயைத் துப்பாக்கி வேட்டைக்கும் பழக்கிவிடலாம், முயல் கறியும் கிடைக்கும், வேட்டை நாய் என்று சொல்லிவிட்டால் வீட்டில் வைப்பதற்கு மார்க்கத்தில் தடையும் இல்லை" என்கிறார்களாம். வேறு சிலர், "துப்பாக்கி வேட்டைக்கென்று சீமை ஜாதி நாய்கள் இருக்கின்றன, நம் நாட்டு நாய் அதற்குத் தேறாது, அது பிடித்ததும் ஹலாலாகாது" என்று மறுக்கிறார்களாம். இரு சாராரும் நாயின் இனத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஷரீஅத் எதைப் பார்க்கிறது என்பதை இம்மாதப் பாடத்தில் காண்போம்.

திருமறை வைத்த நிபந்தனை

சூரத்துல் மாயிதாவின் 4ஆவது வசனத்தில் வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை அல்லாஹுத்தஆலா ஆகுமாக்கியிருக்கிறான். அங்கே அவன் வைத்திருக்கும் நிபந்தனை கல்வி. மனிதனுக்கு அல்லாஹ் கற்றுக்கொடுத்த அறிவிலிருந்து மனிதன் அப்பிராணிக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். அது தனக்காக அல்லாமல் எஜமானனுக்காகப் பிடித்திருக்க வேண்டும். அல்லாஹ்வின் திருநாமம் கூறப்பட வேண்டும். வாய் பேசாத ஒரு பிராணியானாலும், கற்றதற்கும் கல்லாததற்கும் இடையே மார்க்கம் எவ்வளவு பெரிய வேறுபாட்டை வைத்திருக்கிறது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்!

தய்யி குலத்து வள்ளல் ஹாத்திமின் மகனார் அதிய்யு (ரலி) அவர்கள் வேட்டையில் பழக்கமுள்ளவர்கள். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த விடைகள் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியிருக்கின்றன. அவற்றிலிருந்து கிடைக்கும் சட்டங்கள் வருமாறு: பழக்கிய நாயைப் பிஸ்மில்லாஹ் கூறி ஏவினால், அது பிடித்துக் கொன்றதையும் உண்ணலாம். நாய் அதில் வாய் வைத்துத் தின்றுவிட்டால் உண்ணலாகாது. ஏனெனில் அது தனக்காகவே பிடித்திருக்கிறது. ஏவப்படாத வேறு நாய் வந்து கலந்துகொண்டு, எது கொன்றது என்று தெரியாமற் போனால் அப்போதும் உண்ணலாகாது. பழக்கப்படாத நாய் பிடித்ததை உயிருடன் பெற்று முறைப்படி அறுத்தால் மட்டுமே உண்ணலாம் என்ற சட்டம் அபூ ஸஃலபா (ரலி) அவர்களின் அறிவிப்பிலிருந்து கிடைக்கிறது.

பழக்கம் என்பதற்கு இலக்கணம்

ஷாஃபிஈ மத்ஹபில், ஏவினால் ஓட வேண்டும், தடுத்தால் நிற்க வேண்டும், பிடித்ததை எஜமானன் வரும்வரை வைத்திருக்க வேண்டும், அதிலிருந்து தின்னக்கூடாது. இவை பலமுறை நிகழ்ந்து, விவரமறிந்தோர் "இது பழகிவிட்டது" என்று கருதும் நிலை வரவேண்டும். ஹனஃபி மத்ஹபில், இமாம் அபூயூஸுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோர் மூன்று முறை பிடித்துத் தின்னாமல் விடுவதை அளவாகக் கொண்டனர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ எண்ணிக்கை எதையும் குறிப்பிடாமல், பழக்குபவரின் தீர்மானத்திற்கே விட்டுவிட்டார்கள். பிஸ்மில்லாஹ் கூறுவது ஹனஃபியில் கடமை, மறந்துவிட்டால் குற்றமில்லை. ஷாஃபிஈயில் அது சுன்னத்.

இவற்றுள் எதிலாவது நாயின் ஜாதியோ உயரமோ பேசப்பட்டிருக்கிறதா? இல்லை. நிறத்தைப் பற்றி ஒரேயொரு கருத்து வேற்றுமை உண்டு. முற்றிலும் கறுத்த நாய் கொன்றதை ஹன்பலி மத்ஹபு ஆகுமாக்கவில்லை; மற்ற மூன்று மத்ஹபுகளும் நிறத்தைப் பார்ப்பதில்லை. நாய் மட்டுமல்ல, பழக்கிய சிறுத்தையும் வல்லூறும்கூட இச்சட்டத்தில் அடங்கும். ஆகவே "நாட்டு நாயாதலால் ஹலாலாகாது" என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. "வேட்டை ஜாதியாதலால் ஹலால்" என்ற பேச்சுக்கும் ஆதாரமில்லை.

இருவகை வேட்டை நாய்கள்

துரத்திச் சென்று தானே பிடிக்கும் நாய் ஒரு வகை. அரபியரின் ஸலூக்கி, நம் நாட்டு இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கர்நாடகத்து முதோல், நவாபுகளின் ஆதரவில் வளர்ந்த ராம்பூர் நாய் ஆகியவை இவ்வகையின. பெரும்பாலும் இவை கண்ணால் கண்டு ஓடுபவை. துப்பாக்கி வேட்டைக்காரனின் நாய் மற்றொரு வகை. பறவை இருக்கும் இடத்தை மோப்பத்தால் காட்டுவது, கிளப்பிவிடுவது, சுட்டு வீழ்த்தியதைக் கவ்விக் கொணர்வது ஆகியவை இதன் வேலை. இது கொல்லக்கூடாது, பல் அழுந்தாமல் மென்மையாகக் கவ்வ வேண்டும்.

இரண்டாம் வகையில் கொல்லும் கருவி நாயன்று, தோட்டா. தோட்டா கூர்மையால் அறுக்காமல் விசையால் தாக்கிக் கொல்வதால், அதனால் இறந்ததை ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் பிற்கால உலமாக்களில் பெரும்பாலோர் ஆகுமாக்குவதில்லை. யமன் நாட்டு இமாம் ஷவ்கானீ (ரஹ்) போன்றோர் ஆகுமென்றனர். பேணுதலுள்ளவர் உயிருடன் பெற்று அறுக்கவே முயல்வார். அதற்கு விரைந்து, நசுக்காமல் கொண்டுவரும் நாய் வேண்டும். எனவே கவ்விக் கொணரும் பழக்கம் ஹலாலைப் பேணவும் துணைபுரிகிறது. அடிபட்டது நீரில் விழுந்து, மூழ்கி இறந்ததோ என்ற ஐயம் வந்தாலும் உண்ணலாகாது.

நாய் கவ்விய இடம் நஜீஸாகும். ஷாஃபிஈ மத்ஹபில் அவ்விடத்தை ஒருமுறை மண் கலந்து ஏழுமுறை கழுவ வேண்டும். வெட்டி எறிய வேண்டியதில்லை.

பெரிய நாயைப் பழக்கும் முறை

இராஜபாளையம் நாயின் தோள் உயரம் சுமார் 65 முதல் 75 சென்டிமீட்டர். பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டு வந்த இனம். துரத்துவது அதன் இயல்பு; கவ்விக் கொண்டுவந்து கொடுப்பது அதன் இயல்பன்று. ஆயினும் ஓர் இனத்தின் பழைய தொழில் அதன் கடைசித் தொழிலாகிவிடாது. கனடா நாட்டு நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களுக்கு உதவிவந்த நாய்களின் வழிவந்த லாப்ரடார்தான், பின்னர் இங்கிலாந்தில் துப்பாக்கி வேட்டைக்குப் பெயர்பெற்றது. முதோல் நாய்களை நம் இராணுவம் 2016ஆம் ஆண்டில் மீரட்டிலுள்ள தன் மையத்தில் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது.

முதலில் குட்டியின் செவியைச் சோதிக்க வேண்டும். வெள்ளை நிற இராஜபாளையக் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. அது காணாதபடி பின்னால் நின்று கை தட்டினால் தெரிந்துவிடும்.

இரண்டு மாதம் முதல் பெயர் சொல்லி அழைத்து, வந்தவுடன் உணவு கொடுக்க வேண்டும். வந்த நாயை எக்காரணத்திற்காகவும் அடிக்கக்கூடாது; அடித்தால் அது வருவதையே விட்டுவிடும். கட்டளை இடுபவர் ஒருவராகவும், சொல் ஒன்றாகவும் இருக்கட்டும். இன்று "வா", நாளை "இங்கே" என்றால் குட்டி குழம்பும்.

அடுத்து, துணிச் சுருளை எறிந்து கொண்டுவரச் செய்ய வேண்டும். வாயிலிருந்து பிடுங்காமல், உணவைக் காட்டி மாற்றாகப் பெற வேண்டும். பிடுங்கினால் நாய் இறுக்கிக் கடிக்கக் கற்றுவிடும்.

பின்னர் நீளக் கயிற்றில் கட்டி, ஓடும்போதே "நில்" என்று நிறுத்தப் பழக்க வேண்டும். கண்ணால் வேட்டையாடும் இனத்திற்கு எல்லாவற்றிலும் கடினமான பாடம் இதுவே. தடுத்தால் நிற்க வேண்டும் என்று ஷாஃபிஈ இமாம்கள் வைத்த நிபந்தனை எத்துணை நுட்பமானது என்பது இங்கே விளங்கும். துரத்துவதற்கு நாய்க்கு ஆசான் தேவையில்லை. நிற்பதற்குத்தான் ஆசான் தேவை.

வெடிச் சத்தத்தைத் தொலைவில் தொடங்கி, நாய் உண்ணும் வேளையில், பல நாள்களில் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவர வேண்டும். பெரிய இன நாய்களின் எலும்பு முதிர ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு ஆகுமாதலால், அதற்குமுன் கடுமையாக ஓடவும் உயரம் தாண்டவும் விடக்கூடாது. உயிருள்ள முயலையோ கோழியையோ கட்டிவைத்து ஏவிப் பழக்குவது கூடவே கூடாது. உயிருள்ளதை இலக்காக வைப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

நம் நாட்டுச் சட்டம்

இவ்வளவும் தெரிந்துகொண்டபின் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், மான் முதலியவற்றை வேட்டையாடுவது குற்றம். துப்பாக்கிக்கு உரிமமும் வேண்டும். ஹலாலான உணவு எத்தனையோ இருக்க, முயல் கறிக்காகச் சிறைக்கும் அபராதத்திற்கும் தன்னை ஆளாக்கிக்கொள்வது முஸ்லிமுக்கு அழகன்று. அறுக்கும் முறை சரியாக இருப்பதால் மட்டும் ஒரு செயல் முழுவதும் சரியாகிவிடாது.

ஆகவே, "வேட்டை நாய்" என்ற பெயரைச் சாக்காக வைத்து நாய் வளர்ப்பது பொருந்தாது. நாய் உள்ள வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்றும், தேவையின்றி வளர்ப்பவரின் நன்மையில் நாள்தோறும் குறைவு ஏற்படுகிறது என்றும் ஹதீஸ்கள் எச்சரிக்கின்றன. வேட்டை, மந்தை, விவசாயம் ஆகிய தேவைகளே விலக்களிக்கப்பட்டவை. இவற்றோடு ஒப்பிட்டு, வீட்டுக் காவலுக்கும் வளர்க்கலாம் என்பதே ஏற்றமான சொல் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். இத்தகைய வேலைக்குப் பழக்குவதற்காகக் குட்டியை வளர்ப்பதும் அவ்வாறே. ஹனஃபி மத்ஹபிலும் காவலுக்கு அனுமதி உண்டு.

எனவே முள்ளிப்பட்டுச் சகோதரருக்கு நம் விடை இதுதான்: காவல் தேவை மெய்யானால் அதுவே போதும், வேட்டையைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. நாயின் இருப்பிடம் வீட்டுக்கு வெளியே முற்றத்தில் இருக்கட்டும். பட்டு நூலிலும் தொழும் இடத்திலும் அதன் எச்சில் படாதிருக்கட்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்றாம் மாதத்தில் தொடங்கி, மருத்துவர் கூறும்படி தொடர்ந்து போட வேண்டும். மேற்சொன்ன பாடங்களில் "வா", "விடு", "நில்" என்ற மூன்றையும் தவறாமல் கற்பிக்க வேண்டும். தெருவில் குழந்தைகள் விளையாடும் ஊரில், சொன்னால் நிற்காத பெரிய நாயை வைத்திருப்பவர் அண்டைவீட்டாரின் உரிமையில் குறை செய்கிறார்.

தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டார் என்ற ஹதீஸையும் மறவாதீர்கள். கட்டிவைத்த பிராணியின் பசிக்கும் தாகத்திற்கும் கட்டியவரே பொறுப்பாளி. வல்ல அல்லாஹ் நம் கையில் ஒப்படைத்த எல்லா உயிர்களிடத்தும் நீதியாக நடக்க அருள்புரிவானாக! ஆமீன்.