உழவியந்திரத்தின் முன்னச்சைக் குறுக்குதல்

மிளகாய், சோளன் முதலிய பயிர்களை வரிசையாக நாட்டி, வரிசைகளுக்கிடையே உழவியந்திரத்தைச் செலுத்திக் களை அகற்ற விரும்பும் கமக்காரர், அதற்குரிய கருவியை வாங்குவதற்கு முன் தம் இயந்திரத்தின் சில்லுகளுக்கிடையேயுள்ள அகலத்தை அளந்து பார்த்தல் வேண்டும். உழவுக்கும் பெட்டி இழுப்பதற்குமென அகலமாக வைக்கப்பட்ட சில்லுகள் மிளகாய்த் தோட்டத்தினுள் நுழையுமாயின், களை அழியுமுன் செடி அழியும்.

சில்லகலம் என்பது ஒரு ரயரின் நடுவிலிருந்து எதிர்ப்பக்க ரயரின் நடுவரையுள்ள தூரமாகும். மிளகாயும் சோளனும் பொதுவாக வரிசைக்கு வரிசை 60 சென்ரிமீற்றர் இடைவிட்டு நடப்படுகின்றன. இரண்டு வரிசைகள் இயந்திரத்தின் வயிற்றுக்குக் கீழும், சில்லுகள் அவற்றின் இருபுறத்து இடைவெளிகளின் நடுவிலும் செல்ல வேண்டுமெனின், சில்லகலம் 120 சென்ரிமீற்றராக இருத்தல் வேண்டும். இது ஏறக்குறைய 48 அங்குலம். 11 அங்குல அகலமுள்ள பின் ரயர் 28 சென்ரிமீற்றர் இடத்தை அடைக்கும். எனவே அதன் இருபுறமும் 16 சென்ரிமீற்றர் மட்டுமே எஞ்சும். முன்சில்லு பின்சில்லின் தடத்திலேயே செல்லாவிடில் இச்சிறு இடமும் இல்லாது போகும். ஆகவே முன்னச்சையும் பின்சில்லுகளையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவருதல் அவசியம்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தோட்டங்களிற் பெரும்பாலானவை சிறு துண்டுகளாதலின், அங்கு நான்கு சில்லு இயந்திரம் திரும்புவதற்கே இடம் போதாது. அத்தகைய தோட்டங்களுக்கு மண்வெட்டியும் இரு சில்லு இயந்திரமுமே பொருத்தமானவை. கீழே கூறப்படுவன வன்னி போன்ற இடங்களில் நீண்ட வரிசைகளில் பயிரிடுவோருக்கே பயன்படும்.

இரு சில்லுகளால் மட்டும் இழுக்கும் இயந்திரங்களிற் பலவற்றின் முன்னச்சு, ஒரு நடுத்துண்டும் இரு பக்கத் துண்டுகளும் கொண்டது. துண்டுகளில் வரிசையாகத் துளைகள் உண்டு. போல்ற்றுகளைக் கழற்றிப் பக்கத் துண்டுகளை உள்ளே தள்ளினால் அச்சுக் குறுகும். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவன்றி நகரிற் செய்யப்பட்ட பேர்கூசன் ரி.ஈ. 20 இயந்திரத்தில், சில்லகலத்தை 48 அங்குலத்திலிருந்து 4 அங்குலப் படிகளாக மாற்றலாம். அதாவது, பக்கத்துக்கு 2 அங்குலம்.

துளைகள் அனுமதிப்பதற்கு மேலாகக் குறுக்க வேண்டி, அச்சை வெட்டி வெல்டிங் செய்விக்கும் எண்ணம் சிலருக்கு உண்டாகலாம். அதனை அறவே கைவிடுதல் வேண்டும். முன்னச்சு தன் நடுவிலுள்ள ஒரு முளையிலேயே இயந்திரத்தின் முன்பாரத்தைத் தாங்குகின்றது. சில்லுகள் இரு முனைகளிலும் மேல்நோக்கித் தள்ள, நடுப்பகுதியே மிகுதியாக வளைவிசைக்கு உட்படுகின்றது. அவ்விடத்தில் வெட்டி ஒட்டினால், சூட்டினால் இயல்பு கெட்ட இரும்பு அதிகப் பாரத்தைத் தாங்க நேரும். தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, பெட்டியில் நெல் ஏற்றித் தெருவிற் செல்லும் ஒரு நாளிலே முறிவாக முடியும். காட்டுப் பாதைகளில் ஓட்டுவதற்கென ஜீப் வண்டிகளை மாற்றியமைக்கும் அமெரிக்கர் சிலர் அச்சுக் குழாயை வெட்டிக் குறுக்குவதுண்டு. ஆயினும் அவர்கள் உள்ளே சுழலும் தண்டுகளையும் அதற்கேற்பப் புதிதாகச் செய்விக்கின்றனர். நான்கு சில்லுகளாலும் இழுக்கும் உழவியந்திரத்தின் முன்னச்சினுள்ளும் அத்தகைய தண்டுகள் உள. ஆதலின் அவ்வியந்திரங்களிற் சில்லின் வட்டத்தகட்டையும் விளிம்பையும் திருப்பிப் பூட்டியே அகலத்தை மாற்றுதல் வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் இயந்திரத்தை இறுகிய சமதரையில் நிறுத்தி, கருவிகளை நிலத்தில் இறக்கி, கைத்தடையை இட்டு, பின்சில்லுகளின் முன்னும் பின்னும் கட்டைகள் வைக்க வேண்டும். முன்னச்சு நடுமுளையில் ஊஞ்சல்போல் ஆடும் இயல்புடையது. எனவே, முன்பக்கத்தை உயர்த்துமுன் அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே இருபுறமும் மர ஆப்புகளை அடித்து ஆட்டத்தை நிறுத்தல் வேண்டும். இவ்வாப்புகளை மறப்பவர் பலர். மறந்தால் இயந்திரம் ஒரு பக்கமாகச் சரியும். ஜக்கினால் உயர்த்தியபின் உறுதியான தாங்குகட்டைகளை வைக்காமல் ஒருவரும் கீழே கை நீட்டலாகாது. ஜக்கு உயர்த்துவதற்கன்றித் தாங்கி நிற்பதற்கு உரியதன்று.

பழைய துளைகளைச் சுண்ணாம்பினால் அடையாளமிட்டபின், ஒரு பக்கத்தின் போல்ற்றுகளைக் கழற்றித் துண்டை உள்ளே தள்ளிப் பூட்டி, அதன்பின் மறுபக்கத்தைத் தொடங்குக. இருபுறமும் ஒரே எண்ணிக்கையான துளைகள் நகர்த்தப்படல் வேண்டும். ஒரு பக்கத்துப் போல்ற்றுகளைத் துளைகள் இடந்தருமளவுக்கு ஒன்றுக்கொன்று தூரமாகப் பூட்டுவதே பலம். முதல் நாள் வேலை முடிந்ததும் அவற்றை மீண்டும் இறுக்குதல் வேண்டும்.

அடுத்துச் சுக்கானைக் கவனிக்க வேண்டும். மேற்கூறிய பேர்கூசன் இயந்திரத்தில் பக்கத் துண்டுகள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், சுக்கான் கோல்களின் நீளத்தை மாற்றாமலே அகலத்தை மாற்றலாம். இரு முன்சில்லுகளையும் ஒரு குறுக்குக் கோல் இணைக்கும் இயந்திரத்திலோ, பக்கத்துக்கு 2 அங்குலம் குறுக்கினால் அக்கோலை 4 அங்குலம் குறுக்க வேண்டும். எவ்வகையாயினும் இறுதியில் அளந்து பார்த்தலே முறை. சில்லுகளை நேராக வைத்து, அச்சின் உயரத்தில் இரு ரயர்களின் முன்விளிம்பிலும் சுண்ணாம்புக் குறியிட்டு இடைத்தூரத்தை அளக்க. பின், அக்குறிகள் பின்புறம் வரும்வரை இயந்திரத்தை உருட்டி மீண்டும் அளக்க. முன்னளவு பின்னளவிலும் சிறிதே குறைந்திருத்தல் வேண்டும்; பல இயந்திரங்களுக்கு இவ்வேறுபாடு 6 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. சரியான அளவை இயந்திரத்தின் கைந்நூலிற் காண்க. இது பிழைத்தால் ரயர் நிலத்தில் தேய்ந்து இழுபடும். ஒரு போகத்திலேயே அதன் பூக்கள் மறையும். சுக்கானை இருபுறமும் முழுதாகத் திருப்பி, ரயர் எதிலேனும் உராய்கின்றதா எனவும் பார்த்தல் வேண்டும்.

பின்சில்லுகளைக் குறுக்கும்போது ரயர்ப் பூக்களின் திசை தலைகீழாகாதபடி, வேண்டுமாயின் வலச்சில்லை இடப்புறத்துக்கு மாற்றுக. தண்ணீர் நிரப்பிய பின்சில்லை ஒருவர் தனியே கழற்ற முயலலாகாது.

இனிக் கூறப்படுவது உயிர் பற்றிய காரியம். முன்னச்சு நடுவில் ஆடுவதாலே, முன்சில்லுகள் எவ்வளவு அகலமாயிருந்தாலும் அவை இயந்திரம் பக்கவாட்டிற் சாயத் தொடங்குவதைத் தடுக்கமாட்டா. அச்சு தன் ஆட்ட எல்லையை அடைந்தபின்னரே அவை தாங்கும். அதுவரை இயந்திரம் நிற்பது இரு பின்சில்லுகளும் முன்முளையுமாகிய ஒரு முக்கோணத்தின் மீதே. பாரத்தின் மையம் பின்னச்சிலிருந்து முன்னச்சு நோக்கி மூன்றிலொரு பங்கு தூரத்தில் உள்ளதெனக் கொண்டால், 72 அங்குலச் சில்லகலத்தில் அம்மையத்துக்கும் முக்கோணத்தின் பக்க எல்லைக்கும் இடையே 24 அங்குலம் இருக்கும். 48 அங்குலத்துக்குக் குறுக்கினால் அது 16 அங்குலமாகின்றது. பாதுகாப்பில் மூன்றிலொன்று போய்விடுகின்றது. இருக்கையில் இருப்பவருக்கோ எவ்வித மாற்றமும் தெரிவதில்லை. நேற்றுவரை சாய்வாக ஏறிய அதே வரம்பில், அதே வேகத்தில் இன்று ஏறினால் இயந்திரம் கவிழலாம்.

ஆகவே குறுக்கிய இயந்திரத்தை வரம்புக்கும் வாய்க்காற் கரைக்கும் நேராக அன்றிச் சாய்வாகச் செலுத்தலாகாது. வரிசை முடிவில் திரும்புமுன் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். தெருவிற் செல்லும்போது இரு தடைமிதிகளையும் ஒன்றாகப் பூட்டிவைத்தல் வேண்டும். ஒரு பக்கத் தடை மட்டும் பிடித்தால் குறுகிய இயந்திரம் சடுதியில் திரும்பிப் புரளும். கவிழ்வுக் காப்புச் சட்டமுள்ள இயந்திரமாயின், இருக்கைப் பட்டியை அணிந்தே ஓட்ட வேண்டும். சில்லின் மேற்காப்பில் பிள்ளைகளை இருத்தி ஓட்டுவது எந்த அகலத்திலும் கூடாது.

களை வேலை முடிந்தபின், வயலுக்கு இரும்புக் கூட்டுச் சில்லு பூட்டுமுன்னும் நெல்லுப்பெட்டி கொழுவுமுன்னும், முன்னும் பின்னும் பழைய அகலத்துக்கு மீட்டல் வேண்டும். அகற்றும்போதும் ஆப்பு, தாங்குகட்டை, சுக்கான் அளவு ஆகியவற்றை முன்போலவே கவனிக்க. எந்தத் துளை வயலுக்குரியது, எந்தத் துளை தோட்டத்துக்குரியது என அச்சிலேயே இரு நிறப் பூச்சினால் குறித்து வைத்தால், அடுத்த போகத்தில் வேறொருவர் இவ்வேலையைச் செய்ய நேரினும் தடுமாற்றம் ஏற்படாது.