புயலுக்குப் பின் புனரமைப்பு: முடிவெடுக்கும் முறை

விழிஞ்ஞம் துறைமுகத்தை அமைப்பதற்கான ஒப்பந்தம் 2015 ஆகஸ்டில் கேரள அரசுக்கும் அதானி குழும நிறுவனத்திற்கும் இடையே கையெழுத்தாயிற்று. முதற்கட்டப் பணி 2019 டிசம்பரில் நிறைவுற வேண்டும் என்பது நிபந்தனை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியது. கேரள, குமரிக் கரையோர மீனவர் பலர் கடலில் மாண்டனர். அவ்விழப்பிற்கு முன் பிற சேதங்கள் சிறியவையே. எனினும், கட்டுமானத்திலிருந்த அலைதடுப்புச் சுவரின் ஒரு பகுதியும் சிதைந்தது. நிறுவனம் கால நீட்டிப்புக் கோரியது.

இத்தகைய சுவரின் உட்பகுதி சிறு கற்களால் ஆனது. அதன்மேல் பெருங்கற்களும், வெளிப்புறத்தே கனத்த கான்கிரீட் கட்டிகளும் அடுக்கப்படும். கவசம் பெறாத உட்பகுதியை அலை எளிதில் வாரிச் சென்றுவிடும். ஆகவே முழுமை பெற்ற சுவரைவிடப் பாதி கட்டிய சுவருக்கே ஆபத்து மிகுதி. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழையுடன் இக்கடல் கொந்தளிக்கும். எனவே பணிக்கு உகந்த காலம் ஏறத்தாழ எட்டு மாதங்களே.

இந்நிலையில் 'எவ்வளவு விரைவில் முடிக்கலாம்?' என்று தொடங்கும் நிர்வாகிக்கு விடையை ஒப்பந்தத் தேதியே சொல்லிவிடும்; ஆய்வுக்கு இடமிராது. அமெரிக்க அறிஞர்களான கெப்னரும் டிரெகோவும் 1965இல் வெளியிட்ட நூலில் வேறொரு வரிசையை வகுத்தனர். முதலில் குறிக்கோள்களை எழுதவேண்டும். அவற்றைக் கட்டாயத் தேவைகள், விரும்பத்தக்கவை எனப் பிரிக்கவேண்டும். மாற்று வழிகளை அதன் பின்னரே எடைபோட வேண்டும்.

விழிஞ்ஞம் போன்ற ஓரிடத்திற்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். பின்வரும் எண்கள் விளக்கத்திற்காக மட்டுமே. 'பருவமழைக்கு முன் எப்பகுதியும் கவசமின்றி இருத்தலாகாது' என்பது கட்டாயத் தேவை. சுவரை உடனே வேகமாக நீட்டிச் செல்லும் வழி இதனாலேயே தள்ளுபடியாகும். எஞ்சுபவை இரண்டு. தொலைவிலிருந்தும் படகு வழியே கல் தருவித்து, பழுதுபார்த்தலையும் நீட்டித்தலையும் சேர்த்துச் செய்வது ஒன்று. இப்பருவத்தில் பழுதுபார்த்துக் கவசமிட்டு, நீட்டிப்பை அடுத்த பருவத்திற்கு ஒத்திவைப்பது மற்றொன்று. விரைவுக்கு 9, சிக்கனத்திற்கு 5 என முக்கியத்துவம் தருவோம். முதல் வழி முறையே 8, 4 மதிப்பெண் பெற்றால் மொத்தம் 92. இரண்டாவது 5, 8 பெற்றால் 85.

முதல் வழியே சிறந்தது என இங்கே நிறுத்திக்கொள்வதுதான் பலரும் செய்யும் பிழை. வென்ற வழியில் என்னென்ன கெடக்கூடும், கெட்டால் விளைவு எத்தகையது என்று கேட்பது இம்முறையின் இறுதிப் படி. கல் ஏற்றும் துறை கிடைக்காமற் போகலாம். குவாரி அனுமதி தாமதமாகலாம். ஏழு மதிப்பெண் வேறுபாடு அப்போது நிலைக்காது. விழிஞ்ஞத்தில் பாறாங்கல் தட்டுப்பாடு உண்மையிலேயே பெருந்தடையாயிற்று. ஒப்பந்தத் தேதி கடந்தது. தாமதம் பற்றிய தகராறு நடுவர் மன்றம் வரை சென்றது. முதல் பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல் 2024 ஜூலையில்தான் வந்தடைந்தது.

குறிக்கோள் பட்டியலை எழுதுபவர் யார் என்பதும் கவனத்திற்குரியது. பொறியாளரும் நிதி அலுவலரும் மட்டும் அமர்ந்தால் விரைவும் செலவுமே இடம்பெறும். மீன்பிடி படகுகளின் போக்குவரத்து, அண்டைக் கரைகளின் அரிப்பு பற்றிய அச்சம் ஆகியவை விடுபடும். கடலரிப்புக்குத் துறைமுகப் பணியே காரணமென்று கூறி 2022இல் மீனவர்கள் நடத்திய போராட்டத்தால் கட்டுமானம் மாதக்கணக்கில் நின்றது. காரணம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நின்றுபோன மாதங்கள், எந்த மதிப்பெண் அட்டவணையிலும் விரைவு என்ற தலைப்பின்கீழ்தான் கழிக்கப்பட வேண்டியிருக்கும்.