தைலம் செய்யக் கற்போம்: அளவறிந்தால் நலம்

பொழுது புலருமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, நிரை நிரையாக மரம் சீவி, பால் வாளி சுமந்து வீடு திரும்பும் தொழிலாளர்கள் மாலையில் தேடும் பொருள்களுள் ஒன்று தைலப் புட்டியாகும். தோள்வலிக்கும் இடுப்புவலிக்கும், தலைப்பாரத்திற்கும் உறக்கம் வராத இரவிற்கும் அதனையே நாம் நாடுகிறோம். தைலம் இல்லாத தோட்டத்து வீட்டைக் காண்பது அரிது.

ஆயினும், அப்புட்டிக்குள் என்ன இருக்கிறது, அது எவ்வாறு வேலை செய்கிறது, எவருக்கு அதனைப் பூசலாகாது என்பவற்றை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எளிய தைலம் ஒன்றை நாமே வீட்டில் செய்து பார்த்தால் இவை யாவும் விளங்கிவிடும். அச்செய்முறையையும் அதனோடு அறிய வேண்டிய எச்சரிக்கையையும் இப்பாடத்தில் காண்போம்.

சிங்கப்பூரும் தைலத் தொழிலும்

நமக்குப் பழக்கமான தைலங்கள் சிலவற்றின் வரலாறு சிங்கப்பூரோடு பிணைந்ததாகும். புலி முத்திரைத் தைலம் பர்மாவின் ரங்கூன் நகரில் தோன்றியது. அங்கே ஆவ் சூ கின் என்ற சீன மூலிகை வைத்தியர் 1870ஆம் ஆண்டுகளில் மருந்துக்கடை ஒன்றை நிறுவினார். அவருக்குப் பின் அவருடைய புதல்வர்களான ஆவ் பூன் ஹாவும் ஆவ் பூன் பாரும் அத்தொழிலை வளர்த்தனர். மூத்தவர் பெயரில் புலி என்னும் பொருளும், இளையவர் பெயரில் சிறுத்தை என்னும் பொருளும் உண்டு. 1920ஆம் ஆண்டுகளில் தொழில் சிங்கப்பூருக்கு வந்தது. நீல் சாலையில் அவர்கள் நடத்திய தொழிற்சாலையின் கட்டடம் இன்றும் நின்றுகொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டுக்குப் பயணம் போகிறவர்கள் உறவினர்களுக்கென்று தவறாமல் வாங்கிச் செல்லும் கோடாலித் தைலமும் சிங்கப்பூரில் 1928ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் தயாரிப்பே. இந்தியாவிலோ, காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893ஆம் ஆண்டில் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். பின்னர் 1914ஆம் ஆண்டில் அத்தொழில் சென்னைக்கு மாற்றப்பட்டது.

தைலத்தில் சேரும் வாசனைப் பொருள்களும் இம்மண்ணுக்குப் புதியவையல்ல. இன்று பெரும் கடைவீதியாக விளங்கும் ஆர்ச்சர்ட் சாலைப் பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் நிறைந்த இடமாகும். அந்நூற்றாண்டின் நடுவில் மரங்களை நோய் தாக்கியதால் அத்தோட்டங்கள் அழிந்தன. அதே தீவின் தாவரவியல் பூங்காவிற்கு 1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தன. பின்னாளில் அப்பூங்காவின் தலைவர் ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சிறிது சிறிதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். நம் கையிலுள்ள உளிக்கும், ஓய்வு நேரத்தில் நாம் தேடும் தைலத்திற்கும் அத்தீவோடு தொடர்பு உண்டு என்பது எண்ணி மகிழத்தக்கது.

தைலம் வேலை செய்வது எப்படி?

கெட்டித் தைலம் எதுவாயினும் அதில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று, தோலில் தடவுவதற்கு ஏற்ற எண்ணெயும் மெழுகும் சேர்ந்த அடிப்பொருள். மற்றொன்று, மணமும் குணமும் தரும் நறுமண எண்ணெய்கள். இலை, பூ, பட்டை, விதை ஆகியவற்றை நீராவியில் வடித்து இந்த நறுமண எண்ணெய்கள் எடுக்கப்படுகின்றன. 100 கிலோ எலுமிச்சைப் புல்லை வடித்தாலும் அரைக் கிலோ அளவு எண்ணெய் கிடைப்பதே அருமை. அவ்வளவு புல்லின் சாரம் ஒரு சிறு புட்டிக்குள் அடங்கியிருப்பதால்தான் இதனைத் துளிக்கணக்கில் பயன்படுத்த வேண்டும்.

மெந்தால் கலந்த தைலம் பூசியதும் தோல் குளிர்வதுபோல் தோன்றுகிறது அல்லவா? உண்மையில் உடலின் சூடு குறைவதில்லை. குளிர்ச்சியை உணர்த்தும் நரம்பு நுனிகளை மெந்தால் தூண்டுவதால் மூளை அதனைக் குளிர்ச்சி என்று கொள்கிறது. வலியின் மீதுள்ள கவனமும் சற்று விலகுகிறது. இதனோடு, தேய்க்கும் கையின் இதமும், பழகிய மணமும், சிறிது நேர ஓய்வும் சேரும்போது மனம் அமைதியடைகிறது. ஆகவே தைலம் தருவது ஆறுதலே. நோயின் வேரைக் களைவது அதன் வேலையன்று.

தேவையான பொருள்கள்

ஏறத்தாழ 100 கிராம் தைலம் செய்யத் தேவையானவை வருமாறு:

தேங்காய் எண்ணெய் 80 கிராம்;
தூய தேன்மெழுகு 20 கிராம்;
லவெண்டர் எண்ணெய் 20 துளி;
எலுமிச்சைப் புல் எண்ணெய் 6 துளி;
ஜாதிக்காய் எண்ணெய் 4 துளி.

தேங்காய் எண்ணெய் நம் நாட்டு வெப்பத்தில் உருகி ஓடும் தன்மையுடையது. ஆகையால் எண்ணெய் நான்கு பங்கிற்கு மெழுகு ஒரு பங்கு வேண்டும். மெழுகுவர்த்தியை உருக்கிச் சேர்த்தல் கூடாது. அதில் சாயமும் பிற பொருள்களும் கலந்திருக்கலாம். இருபது துளி ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டராகும். எனவே மேற்சொன்ன முப்பது துளியும் சேர்ந்து ஒன்றரை மில்லிலிட்டரே ஆகும். மணம் போதவில்லை என்று துளிகளைக் கூட்ட வேண்டாம். அளவு மிஞ்சினால் தோல் எரிந்து தடிக்கும்.

நறுமண எண்ணெய்க்குச் செலவு செய்ய இயலாதவர்கள் வீட்டுக் கொல்லையில் வளரும் சேரையையே பயன்படுத்தலாம். அதன் தாளை நறுக்கி, ஈரம் அறவே நீங்கும்படி நிழலில் உலர்த்தி, தேங்காய் எண்ணெயில் இட்டு, கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தின் மேல் இரண்டு மணி நேரம் இளஞ்சூட்டில் வைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். மணம் மென்மையாக இருக்கும். செலவோ மிகக் குறைவு.

செய்முறை

முதலாவதாக, தைலம் ஊற்றவிருக்கும் டப்பாக்களை வெந்நீரில் கழுவி, சொட்டு நீரும் இல்லாதபடி உலர்த்துக. தண்ணீர் கலந்தால் தைலம் பூஞ்சை பிடித்துக் கெடும்.

இரண்டாவதாக, ஒரு சட்டியில் கால் பங்கு நீர் ஊற்றி அடுப்பில் வைத்து, அதன்மேல் சிறு பாத்திரம் ஒன்றை வைக்க. துருவிய மெழுகையும் தேங்காய் எண்ணெயையும் அதில் இடுக. தேன்மெழுகு 62 முதல் 64 பாகைச் சூட்டில் உருகும். மெழுகை நேரே நெருப்பில் வைப்பது ஆபத்தானது. சூடு மிகுந்தால் தீப்பற்றிக்கொள்ளும். பிள்ளைகள் அடுப்பருகே நிற்கலாகாது.

மூன்றாவதாக, உருகிய கலவையை இறக்கி வைத்து, ஓரங்கள் சற்றே வெளுக்கத் தொடங்கும் வரை ஆறவிடுக. அதன் பின்னரே நறுமண எண்ணெய்களைத் துளித்துளியாகச் சேர்த்துக் கிளறுக. கொதிக்கும்போது சேர்த்தால் மணம் ஆவியோடு போய்விடும்.

நான்காவதாக, டப்பாக்களில் ஊற்றி, அசைக்காமல் இறுக விடுக. செய்த நாளையும் சேர்த்த பொருள்களையும் தாளில் எழுதி ஒட்டுக. வெயில் படாத இடத்தில் வைத்து ஆறு மாதத்திற்குள் பயன்படுத்துக.

கற்பூரத்தை ஏன் சேர்க்கவில்லை?

வாசகர்கள் இந்நேரம் இவ்வினாவைத் தொடுத்திருப்பார்கள். வீட்டில் பூசைக்கு வைத்திருக்கும் சூடத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்து நெஞ்சில் தேய்ப்பது நம்மிடையே நெடுநாள் வழக்கம். சிறு குழந்தைகளுக்கும் அவ்வாறே செய்கிறோம். இந்த வழக்கத்தைத்தான் நாம் மறு ஆய்வு செய்ய வேண்டும்.

கற்பூரம் குழந்தையின் வயிற்றுக்குள் சென்றால் நஞ்சாகும். ஓரிரு கிராம் கூடச் சில நிமிடங்களில் வலிப்பை உண்டாக்கி உயிருக்கு உலை வைக்கக் கூடும். இக்காரணத்தால் அமெரிக்க அரசு 1982ஆம் ஆண்டில் கற்பூர எண்ணெய் விற்பனையைத் தடை செய்தது. தோலில் பூசும் பிற மருந்துகளிலும் கற்பூரம் 11 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று விதித்தது. வீட்டில் சூடத்தைக் கரைக்கும் நம் கையில் அத்தகைய அளவு ஏது? மேலும், சூடம் எரிப்பதற்காகச் செய்யப்படுவது. மருந்துக்குரிய தூய்மை அதில் இருக்கும் என்று கொள்ள இயலாது.

தேக்காவில் ஒரு பாடம்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்கும் தேக்கா அங்காடிக்கும் சென்றவர்கள் அங்குள்ள மணத்தை அறிவார்கள். மல்லிகைச் சரமும் ஊதுவத்தியும் கற்பூரமும் மசாலையும் ஒருங்கே மணக்கும் குட்டி இந்தியா அது. தைலத்திற்குரிய பொருள்களும் அங்கே கிடைக்கும். வாங்கும்போது புட்டியின் மேல் தாவரத்தின் பெயர் எழுதப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். மணத்திற்காக மட்டும் விற்கப்படும் செயற்கை வாசனை எண்ணெயைத் தைலத்தில் சேர்க்கலாகாது.

அக்கடைகளுக்கு அண்மையிலேயே கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை இருக்கிறது. மாட்டுப்பட்டிகள் இருந்த பழைய நாளில் எழுந்த பெயர் அது. 1924ஆம் ஆண்டு முதல் மகப்பேற்று மருத்துவமனையாக விளங்கிய அங்கே, 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. இன்று அது புதிய கட்டடத்தில் மகளிர், குழந்தைகள் மருத்துவமனையாகத் திகழ்கிறது.

அந்நாளில் மருத்துவர்களைக் கவலையில் ஆழ்த்திய நோய்களுள் ஒன்று, பச்சிளங்குழந்தைகளுக்கு வந்த கடும் மஞ்சட்காமாலையாகும். அது முற்றினால் மூளை பாதிக்கப்படும்; காது கேளாமற்போகும்; உயிரும் போகும். இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் பொருள் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகள் இதற்கு எளிதில் ஆளாகின்றனர். துணிகளுக்கிடையே நாம் போட்டு வைக்கும் அந்துருண்டையின் நெடியே அவர்களுடைய சிவப்பணுக்களைச் சிதைக்கப் போதுமானது. பார்வைக்கு அந்துருண்டையும் கற்பூரமும் ஒன்றுபோல் வெண்மையாக இருப்பதையும், ஒன்றை மற்றொன்றாக எடுத்துவிடக் கூடும் என்பதையும் தாய்மார்கள் கருத்திற்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூரில் 1965ஆம் ஆண்டு முதல், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்து இக்குறையைக் கண்டறிந்து வருகின்றனர். அதன் பயனாக, மூளையைத் தாக்கும் மஞ்சட்காமாலை வெகுவாகக் குறைந்தது. மலேசியாவிலும் பிறந்த குழந்தைகளுக்கு இச்சோதனை செய்யப்படுகிறது. பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் அதன் முடிவு எழுதப்பட்டிருக்கும். அதனைப் படித்துத் தெரிந்துகொள்க. குறை இருப்பின், எந்த மருந்தும் தைலமும் மூலிகையும் தருவதற்கு முன்னர் தாதியிடம் சொல்லிக் கேட்க வேண்டும். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வோர் ஆயாவுக்கும் இதனைத் தெரிவிக்க வேண்டும்.

கைக்குழந்தைக்கு எத்தைலமும் வேண்டாம் என்பதே நாம் கொள்ள வேண்டிய விதி. நாம் மேலே சொன்ன தைலமும் பெரியவர்களுக்கு உரியதே. கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேளாமல் இதனைப் பயன்படுத்தலாகாது. மார்பில் தைலம் பூசிக்கொண்டு குழந்தைக்குப் பால் கொடுத்தலும் தகாது.

பயன்படுத்தும் முறை

புதிய தைலத்தை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒருநாள் பொறுத்துப் பார்க்க. அரிப்போ தடிப்போ தோன்றாவிடில் பயன்படுத்தலாம். உறங்கச் செல்லுமுன் பட்டாணி அளவு எடுத்துத் தோளிலும் பிடரியிலும் மெல்லத் தேய்த்தால் போதும். கண், உதடு, மூக்கின் உட்புறம் ஆகியவற்றில் படலாகாது. உளி பட்ட காயத்தின் மீதும் பூசலாகாது. காயத்தைச் சோப்பிட்டு நீரால் கழுவிக் கட்டுவதே முறை.

எலுமிச்சைப் பழத்தோலிலிருந்து பிழிந்த எண்ணெயைச் சிலர் மணத்திற்காகச் சேர்ப்பதுண்டு. அதனைப் பூசிக்கொண்டு வெயிலில் வேலை செய்தால் தோல் வெந்து கறுக்கும். வெளி வேலை செய்யும் நமக்கு அது ஆகாது. எலுமிச்சைப் புல் மணம் கொசுவைச் சிறிது நேரமே விலக்கும். டெங்கிக் காய்ச்சலிலிருந்து காக்க அது போதாது. தைலம் தடவிய கையோடு ரப்பர்க் கையுறை அணிதலும் கூடாது. எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி நைந்துவிடும் என்பதை ரப்பரோடு வாழும் நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நெஞ்சில் வலி கை வரை பரவுதல், கை கால் மரத்துப் போதல், காய்ச்சலோடு கூடிய கடுந்தலைவலி, ஒரு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இடுப்புவலி ஆகியவற்றுக்குத் தைலம் தேய்த்துக் காலம் தாழ்த்துதல் ஆகாது. உடனே சுகாதார நிலையம் செல்ல வேண்டும். குழந்தை தைலத்தையோ கற்பூரத்தையோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், அப்புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

தைலத்தைச் செய்து முடித்ததும் அதனைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பூசைத் தட்டில் உள்ள சூடத்தையும், துணிப் பெட்டியில் உள்ள அந்துருண்டையையும் இன்றே எடுத்து அவ்வாறே உயரத்தில் வைத்துவிடுங்கள். நம் தோள்வலி தீர்வதற்கு முன்னர், நம் குழந்தைகளின் நலம் உறுதிப்படட்டும்.