சடைநாய் வாங்குவோர் கவனத்திற்கு

கிட்டங்கிக் காவலுக்கு நாய் வளர்ப்பது நமது டவுண் வணிகர்களிடையே பழைய வழக்கம். அண்மைக் காலமாகச் சிலர் பெரிய சடைநாய்களை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். அவற்றுள் செயின்ட் பெர்னார்டு இனத்தைப் பற்றி இங்கு எழுதுகிறேன். மற்றச் சடைநாய்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

இதன் பூர்வீகம் ஸ்விட்சர்லாந்து, இத்தாலி எல்லையில் சுமார் 8,100 அடி உயரத்திலுள்ள மலைக்கணவாய். பனியில் சிக்கிய வழிப்போக்கர்களை மீட்க அங்குள்ள மடத்துத் துறவிகள் இந்நாய்களை வைத்திருந்தனர். 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பாரி என்ற நாய் 40 பேரைக் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். ஆனால் பாரிக்குச் சடை கிடையாது. பிற்பாடு நியூபவுண்ட்லாந்து இனத்தோடு கலந்ததில்தான் நீண்ட ரோமம் வந்தது. அதில் பனிக்கட்டி ஒட்டிப் பாரமானதால் மீட்பு வேலைக்கு அது உதவவில்லை. பனிநாட்டிலேயே ஆகாத சடை, நம் சித்திரை வெயிலில் என்ன பாடு படுத்தும்!

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். தகரக் கூரைக் கிட்டங்கியில் பகலில் கட்டிப்போட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அதிகமாக இரைத்து, எச்சில் கெட்டியாகி, கால் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணத் தண்ணீரை உடம்பில் ஊற்றி, மின்விசிறியடியில் வைத்து, மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும். வெயில் காலம் என்று ரோமத்தை மொட்டையாகச் சிரைக்கவும் கூடாது, தோல் வெந்துவிடும். தினமும் சீவிவிட்டு, உண்ணி இருக்கிறதா என்று காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் பார்ப்பதே சரி. உண்ணிக் காய்ச்சல் நம் பகுதியில் நாய்களைக் கொல்லும் நோய்.

குணத்தில் சாது, குழந்தைகளிடம் பிரியம். எடை 60 முதல் 80 கிலோ. எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆயுள் 8 முதல் 10 ஆண்டுகள். திருடன் அதன் உருவத்துக்குப் பயந்தால் உண்டு, இல்லாவிட்டால் வாலாட்டும்! தீனிச் செலவைக் கணக்குப் பார்த்தால் இரவுக் காவலாளே மேல் என்பது என் அபிப்பிராயம்.

மளிகைக்காரர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. உலர்திராட்சையும் வெங்காயமும் நாய்க்கு விஷம். எலி மருந்து அதைவிட மோசம். மருந்து தின்று செத்த எலியைத் தின்றாலும் ஆபத்துதான். நாய் உலாவும் கிட்டங்கியில் எலிப்பொறி வைப்பதே நல்லது.

தமிழக அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களின் பட்டியலில் செயின்ட் பெர்னார்டும் இருந்தது. காவலுக்குத்தான் நாய் என்றால் பக்கத்திலேயே ராஜபாளையம் இருக்கிறது. குட்டை ரோமம், வெயில் தாங்கும், அந்நியரை அண்டவிடாது. 2005இல் தபால் தலையிலும் இடம்பெற்ற இனம். வெள்ளைக் குட்டிகளில் சில செவிடாகப் பிறப்பதுண்டு. ஆகவே குட்டி எடுக்கும்போது அதன் முதுகுப் பக்கம் நின்று கையைத் தட்டிப் பார்த்து, திரும்பினால் மட்டும் பணம் கொடுங்கள்.